மாட்டிடமே கேட்கலாம்

சிவகங்கை, இராமநாதபுரம் பகுதிகளில் பழைய ஊருணிக் கரைகளிலும் மேய்ச்சல் பொட்டல்களின் ஓரத்திலும் தனியாக நட்டு வைத்த கல்தூண்களைச் சில இடங்களில் இன்றும் பார்க்கலாம். எல்லைக்கல் என்றோ, எப்போதோ இடிந்துபோன மண்டபத்தின் மிச்சம் என்றோ நினைத்துப் பலரும் கடந்து போகிறார்கள். அவற்றுள் சில, தினவெடுத்த மாடு வந்து கழுத்தையும் விலாவையும் உரசிக்கொள்வதற்கென்றே நிறுத்தப்பட்ட ஆவுரிஞ்சு கற்கள். தண்ணீர்ப் பந்தல் வைப்பது, சோலை வளர்ப்பது, பசுவுக்கு வாயுறையாக ஒரு பிடி புல் கொடுப்பது ஆகியவற்றோடு ஆவுரிஞ்சு தறி நடுவதையும் 32 அறங்களில் ஒன்றாக நம் முன்னோர் எண்ணினார்கள். எவரோ ஒருவர் கல்தச்சருக்குக் கூலி கொடுத்து, மாட்டின் அரிப்புக்காக ஒரு தூணை நட்டிருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாகவே இருக்கிறது. பசியும் தாகமும் எவர் கண்ணுக்கும் படும். உரசிக்கொள்ள இடமில்லாத மாட்டின் தவிப்பு கண்ணில் பட வேண்டுமானால், மாட்டோடு நெடுநேரம் நின்றிருக்க வேண்டும்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, இந்தக் கல்லின் நியாயத்தை வேறொரு வழியில் அளந்து காட்டியது. கறவைப் பசுக்கள் தலையால் முட்டித் தள்ளித் திறக்கக்கூடிய ஒரு கதவை அவர்கள் அமைத்தார்கள். கதவுக்கு அப்பால் ஒருமுறை புதிதாக வைத்த தீவனம் இருக்கும். ஒருமுறை உடலைத் தேய்த்துவிடும் சுழல் தூரிகை இருக்கும். ஒருமுறை வெற்றிடம் மட்டுமே இருக்கும். கதவின் மேல் பாரத்தைச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டே சென்று, எந்தப் பாரம் வரை பசு விடாமல் தள்ளுகிறது என்று குறித்தார்கள். வெற்றிடத்துக்காகப் பசுக்கள் அவ்வளவு சிரமப்படவில்லை. தூரிகைக்காகவோ, தீவனத்துக்காக எவ்வளவு பாரத்தைத் தள்ளினவோ ஏறத்தாழ அவ்வளவு பாரத்தைத் தள்ளின. உரசிக்கொள்வது மாட்டுக்கு ஒரு சொகுசு, கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் குறையில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தக் கதவு பதில் சொல்லிவிட்டது.

நான் இந்த வட்டாரக் கல்லூரி ஒன்றில் நெடுங்காலம் விலங்கியல் கற்பித்தவன். விலங்கு நலம் என்றதும் நம்மில் பெரும்பாலோர் கருணையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவதையும், அதற்கு எதிர்நிலையில் இருப்பவர்கள் மரபையும் வருமானத்தையும் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவதையும், இரு தரப்புமே விலங்கை ஒரு சாட்சியாகக்கூட அழைக்காமல் வழக்கை நடத்தி முடித்துவிடுவதையும் பலமுறை கேட்டிருக்கிறேன். அறுபது ஆண்டுகளாக வளர்ந்துவரும் ஓர் ஆராய்ச்சித் துறை, விலங்கையே சாட்சிக் கூண்டில் ஏற்றும் முறைகளைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. அந்த முறைகள் நம் கொட்டகைக்கும் சந்தைக்கும் மஞ்சுவிரட்டுப் பொட்டலுக்கும் இன்னும் போதிய அளவு வந்து சேரவில்லை என்பதே இங்கே நான் எழுத விரும்புவது.

இத்துறையின் தொடக்கம் கோழிக் கூண்டில் இருக்கிறது. 1964இல் இங்கிலாந்தில் ரூத் ஹாரிசன் என்பவர் தொழிற்சாலை முறைப் பண்ணைகளைப் பற்றி எழுதிய நூல் பெரும் கொந்தளிப்பை உண்டாக்கியது. அரசு, விலங்கியலாளர் ராஜர்ஸ் பிராம்பெல் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 1965இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை, பண்ணை விலங்கு எதுவானாலும் எழுந்து நிற்கவும், படுக்கவும், திரும்பவும், தன் உடலைச் சுத்தம் செய்துகொள்ளவும், கை கால்களை நீட்டவும் இடம் இருக்க வேண்டும் என்றது. பின்னர் 1979இல் அங்கே அமைந்த பண்ணை விலங்கு நலக் குழு இதை விரித்து, பசி தாகம் இன்மை, இருப்பிட வசதிக்குறைவு இன்மை, வலியும் காயமும் நோயும் இன்மை, இயல்பான நடத்தைக்கு வாய்ப்பு, அச்சமும் துயரமும் இன்மை என்று ஐந்து சுதந்திரங்களாக வகுத்தது. எங்கோ நடந்த கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2014 மே 7 அன்று ஜல்லிக்கட்டைத் தடை செய்த நம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இந்த ஐந்து சுதந்திரங்களையும் எடுத்தாண்டிருக்கிறது.

பிராம்பெல் குழுவின் அறிக்கையில் ஒரு சிறு பரிந்துரை இருந்தது. கூண்டின் தரைக்கு மெல்லிய அறுகோணக் கம்பிவலையைப் பயன்படுத்தக் கூடாது, அது கோழியின் காலுக்கு உறுத்தும், தடித்த கம்பியே தகும் என்று குழுவினர் கருதினார்கள். பார்ப்பதற்கு நியாயமாகவே தோன்றும் கருத்து. ஹியூஸ், பிளாக் என்ற இரு ஆய்வாளர்கள் 1973இல் வெவ்வேறு தரைகளை அமைத்துக் கோழிகளையே தேர்ந்தெடுக்க விட்டபோது, குழு வேண்டாம் என்று ஒதுக்கிய மெல்லிய வலையின் மீதே அவை விரும்பி நின்றன. அறிஞர்கள் கூடி, நல்லெண்ணத்தோடு, கோழியின் காலாகத் தங்கள் காலைக் கற்பனை செய்துகொண்டு எடுத்த முடிவு அது. விலங்கு நல ஆராய்ச்சி வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி எது என்று மாணவர்கள் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஆனால், தேர்ந்தெடுக்க விடுவது மட்டும் போதாது என்பதையும் அத்துறையினர் விரைவில் உணர்ந்தார்கள். இரண்டு மோசமானவற்றுள் ஒன்றை விலங்கு தேர்ந்தெடுக்கலாம். அல்லது, இது இருந்தாலும் சரி, அது இருந்தாலும் சரி என்று சிறிய விருப்பத்தின் பேரில் ஒரு பக்கம் சாயலாம். ஆக்ஸ்போர்டில் மரியன் டாக்கின்ஸ் உள்ளிட்டோர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். விரும்பும் பொருளுக்கு விலங்கு ஒரு விலை கொடுக்கும்படி செய்ய வேண்டும். கதவைத் தள்ளுவதோ, பொத்தானை அலகால் கொத்துவதோ, குறுகிய இடைவெளியில் நுழைவதோ அந்த விலையாக இருக்கலாம். விலை ஏற ஏற எதை விட்டுவிடுகிறது, எதை விடாமல் பிடித்துக்கொள்கிறது என்று பார்த்தால், அதற்கு எது தேவை, எது வெறும் விருப்பம் என்று பிரித்தறியலாம். காரைக்குடிச் சந்தையில் விலை ஏறும்போது வீட்டுக்காரர் எதைக் குறைக்கிறார், எதைக் குறைக்காமல் வாங்குகிறார் என்று பார்ப்பதைப் போன்றதுதான்.

இம்முறையால் கிடைத்த விடைகளுள் மிகவும் பேசப்பட்டது மிங்க் என்ற உரோம விலங்கைப் பற்றியது. 2001இல் ஜார்ஜியா மேசனும் உடன் ஆய்வாளர்களும் அவ்விலங்குகளுக்கு நீச்சல் தொட்டி, விளையாட்டுப் பொருள்கள், உயர்ந்த மேடை, கூடுதல் கூடு எனப் பல அறைகளை வைத்து, ஒவ்வொன்றின் கதவிலும் பாரத்தை ஏற்றினார்கள். தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து வளர்ந்த விலங்குகள், எல்லாவற்றையும்விட நீச்சல் தொட்டிக்கே அதிக விலை கொடுத்தன. தொட்டியை அடைத்துவிட்டபோது அவற்றின் சிறுநீரில் கார்டிசால் என்ற இடர்கால இயக்குநீர் (ஹார்மோன்), உணவைத் தடுத்தபோது உயர்ந்ததற்கு ஒப்பாக உயர்ந்தது. கூண்டிலேயே பிறந்தது, அதற்கு வேறு எதுவும் தெரியாது, ஆகவே அதற்கு ஏக்கமும் இராது என்ற வாதம் நம் ஊரிலும் அடிக்கடி கேட்பதுதான். கோழி விஷயத்தில் நான் அதைப் பலரிடம் கேட்டிருக்கிறேன்.

கோழியைப் பற்றிப் பேசாமல் செட்டிநாட்டைப் பற்றி எழுத முடியாது. எங்கள் வட்டாரத்தின் பெயரை உலகம் முழுவதும் உணவகப் பலகைகளில் ஏற்றி வைத்ததே அதுதான். வீட்டுப் புறவாசலில் வளரும் நாட்டுக்கோழி, வெயில் ஏறிய வேளையில் வேலியோரத்துப் புழுதியில் குழி பறித்து, மண்ணை இறக்கைக்குள் வாரிப் போட்டுக்கொண்டு புரள்வதைப் பார்க்காதவர் இருக்க முடியாது. இறகில் சேர்ந்த பழைய எண்ணெய்ப் பசையை நீக்க அது செய்யும் வேலை அது. மண்ணே இல்லாத கம்பிக் கூண்டில் வைத்த முட்டைக்கோழியும், வெறும் கம்பியின் மீது உட்கார்ந்து, இல்லாத புழுதியை வாரிப் போட்டுக்கொள்வதுபோல அதே அசைவுகளைச் செய்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் சட்டம் இயற்றி, எந்த வசதியும் இல்லாத வெற்றுக் கூண்டுகளை 2012 முதல் தடை செய்ததற்கு இத்தகைய அவதானிப்புகள் பெரும் காரணம். அதுவரை அங்கே ஒரு கோழிக்கு விதிக்கப்பட்டிருந்த குறைந்தபட்ச இடம் 550 சதுர சென்டிமீட்டர்; நாம் விண்ணப்பம் எழுதும் ஏ4 தாளைவிடச் சற்றுக் குறைவு.

இதனால் புறவாசல் கோழியின் வாழ்வு சொர்க்கம் என்று சொல்லிவிடக் கூடாது. வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரு வாரத்தில் தெருவே காலியாகும். தடுப்பூசி இலவசமாகக் கிடைத்தும், நாட்டுக்கோழிக்கு எதற்கு ஊசி என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அடைக்கு உட்கார்ந்த கோழியை மீண்டும் முட்டைக்குக் கொண்டுவர அதைத் தண்ணீரில் முக்கி எடுப்பதும், மூக்குத் துளையில் இறகைச் செருகி விடுவதும் சில வீடுகளில் உண்டு. சந்தைக்குப் போகும்போது கால்களைக் கட்டி, வண்டிக் கைப்பிடியில் தலைகீழாகத் தொங்கவிடுகிறோம். கறிக்கோழிகளைத் தலைகீழாகத் தூக்கும்போது, நிமிர்த்தித் தூக்கும்போது இருப்பதைவிட இரத்தத்தில் இடர்கால இயக்குநீர் அதிகமாகிறது என்று கண்ணன், மென்ச் ஆகிய இருவரும் 1996இல் காட்டினார்கள். ஒரு கூடை இருந்தால் தீர்ந்துவிடக்கூடிய தொல்லை இது.

ஆய்வுக்கூடத்துக்கு வருகிறேன். என் மாணவப் பருவத்தில் விலங்கியல் என்றாலே தவளைதான். குளோரோஃபார்ம் நெடியும், மெழுகுத் தட்டில் குண்டூசியால் அறையப்பட்ட கால்களும் எங்கள் தலைமுறை விலங்கியல் மாணவர் எவருக்கும் மறக்காது. தவளைக்கால் ஏற்றுமதியை இந்தியா 1987இல் தடை செய்தது. கல்லூரித் தட்டுகளுக்கு அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் தவளைகள் வந்துகொண்டிருந்தன. பல்கலைக்கழக மானியக் குழு 2011இல் படிப்படியாகக் குறைக்கச் சொல்லி, 2014இல் இளநிலை, முதுநிலை இரண்டிலும் அறுத்துப் பார்க்கும் வகுப்புகளை நிறுத்தச் சொன்னபோது ஆசிரியர்களிடையே பெரும் மனக்குறை இருந்தது. என் கருத்தைக் கேட்டால், எல்லாரும் அறிந்த விடையைத் திரும்பத் திரும்ப ஆயிரம் உயிர்களில் சரிபார்ப்பதை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன். அந்த வகுப்பு நேரத்தில், புறவாசல் கோழியை ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்து, அது செய்வதை நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து வரச் சொன்னால் மாணவர் கற்பது அதிகம். நான் அதைச் செய்து பார்த்தேன், நன்றாகவே நடந்தது.

உண்மையான ஆராய்ச்சிக்கு விலங்கு தேவைப்படும் இடங்களுக்குச் சட்டம் இருக்கிறது. 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்க ஒரு மத்தியக் குழுவுக்கு வழி செய்தது. 1998இல் விரிவான விதிகள் வந்தன. விலங்குகளை வைத்துச் சோதனை செய்யும் ஒவ்வொரு நிறுவனமும் பதிவு செய்துகொண்டு, தனக்கென ஒரு விலங்கு நெறிமுறைக் குழுவை வைத்திருக்க வேண்டும். அதில் கால்நடை மருத்துவர் ஒருவரும், அறிவியல் துறை சாராத பொதுநல ஆர்வலர் ஒருவரும், மத்தியக் குழுவின் பிரதிநிதியும் இடம்பெறுவார்கள். ரஸ்ஸல், பர்ச் என்ற இருவர் 1959இல் முன்வைத்த மூன்று கொள்கைகளே இந்த ஏற்பாடு முழுவதற்கும் அடிப்படை: விலங்குக்கு மாற்று இருந்தால் மாற்றைக் கைக்கொள்க, எண்ணிக்கையைக் குறைக்க, துன்பத்தைத் தணிக்க. இந்தியா, சோதனை முடிந்த விலங்குக்கு மறுவாழ்வு என்பதை நான்காவதாகச் சேர்த்துக்கொண்டது.

அத்தகைய ஒரு குழுவில் சில காலம் இருந்த அனுபவத்தில் சொல்கிறேன்: எண்ணிக்கையைப் பற்றி நாங்கள் நிறைய விவாதித்தோம், எலியை எப்படிக் கையில் எடுப்பார்கள் என்பதைப் பற்றி அநேகமாக விவாதிக்கவே இல்லை. வாலைப் பிடித்துத் தூக்குவதுதான் உலகெங்கும் வழக்கம். லிவர்பூலில் ஜேன் ஹர்ஸ்டும் ரெபேக்கா வெஸ்டும் 2010இல், வாலைப் பிடித்துத் தூக்கிய சுண்டெலிகள் மனிதக் கையை விட்டு விலகுகின்றன, அச்சச் சோதனைகளில் மிகுந்த பதற்றம் காட்டுகின்றன என்றும், ஒரு குழாய்க்குள் நுழையவிட்டோ குவித்த கையிலோ எடுத்தவை தாமாகவே கையை அணுகுகின்றன என்றும் நிறுவினார்கள். 2014இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மோகிலின் ஆய்வுக் குழுவினர், ஆண் ஆய்வாளர் அருகில் இருந்தாலே, ஏன், ஆண் அணிந்த சட்டை அருகில் இருந்தாலே எலிகளின் வலி வெளிப்பாடு மாறிவிடுகிறது என்று கண்டார்கள்; அந்த வாடையே அவற்றுக்கு இடராகிவிடுகிறது. அஞ்சிக்கிடக்கும் எலியில் மருந்தைச் சோதித்தால் கிடைப்பது மருந்தின் விளைவா, அச்சத்தின் விளைவா? எலிக்கு நல்லது செய்வது ஒருபுறம் இருக்கட்டும். தன் முடிவுகள் சரியாக இருக்க வேண்டும் என்று நினைக்கும் ஆய்வாளருக்கே இது தலையாய கவலையாக இருக்க வேண்டும்.

கறவை மாட்டுக்கும் இதே அச்சக் கணக்கு உண்டு. நியூகாசிலைச் சேர்ந்த கேத்தரின் பெர்டன்ஷா, பீட்டர் ரவுலின்சன் ஆகியோர் 2009இல் 516 பண்ணையாளர்களிடம் கேட்டறிந்து, பசுக்களைப் பெயர் சொல்லி அழைக்கும் பண்ணைகளில் ஒரு பசுவுக்கு ஆண்டுக்கு 258 லிட்டர் பால் கூடுதல் என்று எழுதினார்கள். அதற்குச் சிரிப்பும் சிந்தனையும் கலந்த இக்நோபல் பரிசும் கிடைத்தது. மயிலை, செவலை, லெட்சுமி என்று பெயர் வைத்துக் கூப்பிடும் நம் ஊர்க்காரர்களுக்கு இச்செய்தி இனிக்கும். ஆனால் பெயர் பாலைச் சுரக்க வைத்தது என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. பெயர் வைக்கும் அளவுக்கு மாட்டோடு பழகுகிறவர் அதை அடிக்காமல், விரட்டாமல், நோயை முன்பே கவனித்துப் பராமரிப்பவராகவும் இருப்பார். கேட்டறிந்ததை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

மஞ்சுவிரட்டைத் தொடாமல் விட்டால், ஊர்க்காரர்கள் நான் பயந்து ஒதுங்கிவிட்டதாகச் சொல்வார்கள். தைத் திங்களில் சிராவயல் பொட்டலில் கோயில் காளைகளை முதலில் அவிழ்த்துவிட்டு, அடுத்துத் தொழுவிலிருந்து வரிசையாகக் காளைகள் வெளிவரும். அதே நேரத்தில் கட்டுமாடுகளைச் சுற்றுவட்டார வயலிலும் கண்மாய்ப் பகுதியிலும் அவிழ்த்துவிடுவார்கள். வாடிவாசல் ஜல்லிக்கட்டைப் போல ஒற்றை வழி இல்லாமல் பரந்த வெளியில் ஓடுவதால், இதில் காளைக்குத் தப்பிச் செல்ல இடம் இருக்கிறது. 2014 தீர்ப்பு, 2017 சனவரிப் போராட்டத்தைத் தொடர்ந்து வந்த தமிழ்நாட்டுச் சட்டத்திருத்தம், அதை ஏற்ற 2023 மே 18 அரசியல் சாசன அமர்வின் தீர்ப்பு எல்லாம் எல்லாருக்கும் தெரியும். காளைக்கு அது சித்திரவதை என்று ஒரு தரப்பு சொன்னது, காளை அதை விரும்புகிறது என்று மறுதரப்பு சொன்னது. இரண்டுமே காளையின் உள்ளத்தைப் பற்றிய கூற்றுகள். இரண்டையுமே சோதித்துப் பார்க்க முடியும்.

1986இல் ஜெஃப் ரஷன் செம்மறியாடுகளைக் கொண்டு ஒரு சோதனை செய்தார். உரோமம் கத்தரிக்கும்போது ஆட்டை அசையாமல் வைக்க மெல்லிய மின்சாரம் பாய்ச்சும் கருவி ஒன்று அப்போது விற்பனையில் இருந்தது. அதனால் ஆட்டுக்குத் துன்பம் இல்லை என்று விற்பவர்கள் சொன்னார்கள். ரஷன் ஆடுகளை ஒரு குறுகிய நடைபாதை வழியே ஓடவிட்டு, பாதையின் முடிவில் சிலவற்றுக்கு அந்த மின்சாரத்தையும், சிலவற்றுக்குக் கையால் பிடித்து நிறுத்துவதையும், சிலவற்றுக்கு ஒன்றுமே செய்யாமல் விடுவதையும் ஏற்பாடு செய்தார். அடுத்தடுத்த முறை அதே பாதையில் விட்டபோது, மின்சாரம் பாய்ந்தவையே மற்றவற்றைவிட அதிகமாகத் தயங்கின, அதிகமாகத் தள்ளப்பட வேண்டியிருந்தன. போன முறை அங்கே என்ன நடந்தது என்பதை விலங்கு நினைவில் வைத்திருக்கிறது. அந்த நினைவு அதன் காலில் தெரிகிறது.

சிராவயல் காளைகளுள் பல ஆண்டுதோறும் வருபவை. முதல் ஆண்டு வண்டியிலிருந்து இறங்கித் தொழுவுக்குள் எவ்வளவு நேரத்தில் நடந்தது, இரண்டாம் ஆண்டு எவ்வளவு நேரம், மூன்றாம் ஆண்டு எவ்வளவு நேரம், எத்தனை பேர் இழுக்கவோ தள்ளவோ வேண்டியிருந்தது என்று குறித்தால் போதும். ஒப்பிடுவதற்கு, அதே வண்டியில் அதே திடலுக்கு வந்து அவிழ்க்கப்படாமல் திரும்பும் சில காளைகளும் வேண்டும். இயக்குநீரை அளப்பதற்கு இரத்தம் எடுக்கத் தேவையில்லை. ஊசி குத்துவதே அளவை உயர்த்திவிடும். மாட்டில் ஏறத்தாழ அரை நாள் கழித்துச் சாணத்தில் கார்டிசாலின் சிதைவுப் பொருள்கள் தெரியும், ஆகவே மறுநாள் காலைச் சாணம் போதும். ஆனால் கார்டிசாலை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. காளை பசுவோடு சேரும்போதும் அது உயரும். கிளர்ச்சிக்கும் அச்சத்துக்கும் அந்த நீர் ஒன்றே. கிடையில் வளரும் புலிக்குளம் மாடு மனிதர் நெருங்குவதை நெடுந்தொலைவிலேயே விரும்பாது, வீட்டில் பிள்ளைபோல் வளர்ந்த காளை நெருங்க விடும். இவ்விரண்டையும் ஒரே பட்டியலில் சேர்த்தாலும் விடை குழம்பும். இவ்வளவு எளிய அளவீட்டை, வழக்கு நடந்த ஆண்டுகளில் இரு தரப்பினரும் முன்னின்று கேட்டிருக்கலாம் என்பது என் ஆதங்கம். எனக்குப் பொட்டலில் நின்று பார்க்கப் பிடிக்கும். காளை மூன்றாம் ஆண்டு வண்டியை விட்டு இறங்க மறுக்கிறது என்று தெரிந்தால் என் பிடித்தத்தை மாற்றிக்கொள்ளவும் செய்வேன்.

ஆண்டுக்கு ஒரு நாள் நடக்கும் மஞ்சுவிரட்டைப் பற்றி ஊரே பேசுகிறது. ஆண்டில் பாதி நாள் தொடரும் கொட்டகை வெப்பத்தைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. எண்ணிக்கையாலும் நாள்களாலும் பார்த்தால் இந்த வட்டார மாடுகளின் பெருந்துன்பம் அதுவே என்று நான் நினைக்கிறேன். காற்றோட்டத்துக்காக முற்றமும், குளிர்ச்சிக்காகச் சுண்ணாம்புப் பூச்சும், தடித்த சுவரும், ஓட்டுக் கூரையும் வைத்து வீடு கட்டிய ஊர் இது. இன்று அதே ஊரில், புறவாசலில் நிற்கும் கலப்பினப் பசுவின் தலைக்கு மேல் கைக்கெட்டும் உயரத்தில் தகரம் இருக்கிறது. பனையோலையோ தென்னங்கீற்றோ வேய ஆள் கிடைப்பதில்லை, ஆண்டுதோறும் மாற்ற வேண்டும், தீப்பிடிக்கும் என்று சொல்கிறார்கள், எல்லாம் உண்மையே. தகரமோ காலை பத்து மணிக்குள் சூடேறி, வெயிலைத் தடுத்துவிட்டு, அந்த வெப்பத்தைக் கீழ்நோக்கிக் கதிர்வீசிக்கொண்டே இருக்கும்.

பசுவின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38.5 பாகை செல்சியஸ். இரைப்பையில் தீவனம் நொதிக்கும்போது உள்ளிருந்தே வெப்பம் பிறக்கிறது. பால் அதிகம் கறக்கும் மாடு அதிகம் தின்கிறது, ஆகவே அதற்கு உட்சூடும் அதிகம். நாட்டு மாடு வியர்வைச் சுரப்பிகளாலும், தளர்ந்த தோலாலும், குறைந்த உட்சூட்டாலும் தாக்குப்பிடிக்கிறது. ஜெர்சி கலப்புக்கு அவ்வளவு வசதி இல்லை. வெப்பத்தையும் காற்றின் ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் குறியீடு 72ஐத் தாண்டினால் கறவைப் பசு இடர்ப்படத் தொடங்கும் என்பது பழைய கணக்கு. அதிகப் பால் தரும் மாடுகளுக்கு 68 என்று இப்போது குறைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்க் கோடையில் இரவு நேரத்திலேயே இதைத் தாண்டிவிடும்.

மாடு இதை எவ்வளவு பெரிதாக நினைக்கிறது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. பசுவுக்குப் படுத்திருப்பது மிக முக்கியம். நாளில் 10 முதல் 12 மணி நேரம் படுக்கும், படுக்கவிடாமல் தடுத்தால் அடுத்த வாய்ப்பிலேயே படுத்துவிடும். நியூசிலாந்தில் ஷூட்ஸ் என்ற ஆய்வாளரும் உடனிருந்தோரும் 2008இல், பசுக்களை 12 மணி நேரம் வரை படுக்கவிடாமல் வைத்திருந்து, பின்னர் நிழல் உண்டு படுக்க முடியாது, படுக்கலாம் நிழல் இல்லை என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவிட்டார்கள். வெயில் நாளில், அவ்வளவு களைத்த பிறகும், பசுக்கள் நிழலில் நிற்பதையே தேர்ந்தெடுத்தன. நியூசிலாந்து வெயிலை நம் சித்திரை வெயிலோடு வைத்துப் பார்க்கவே கூச்சமாக இருக்கும்.

பள்ளத்தூர்ப் பக்கம் இரண்டு கறவை வைத்திருக்கும் ஓர் அம்மாளிடம் இதைச் சொன்னபோது, அவர் ஆச்சரியப்படவில்லை. "மத்தியானம் தீவனம் வச்சா மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கும் சார். வெயிலு சாஞ்சு, தண்ணி காட்டிட்டு, அப்பறந்தான் வைப்பேன்" என்றார். உட்சூட்டைக் குறைக்கும் தீவன நேரத்தை மாடு அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. கூரையைப் பற்றிக் கேட்டதற்கு, "கடன் வாங்கிப் போட்டது, இனி எங்க மாத்துறது" என்று முடித்துவிட்டார்.

கூரையை மாற்றாமலேயே செய்யக்கூடியவை பல. தகரத்தின் மேற்புறம் சுண்ணாம்பு அடிப்பது, தகரத்துக்கு மேலோ கீழோ கீற்றுப் பரப்புவது, ஈரச் சாக்கு தொங்கவிடுவது, கொட்டகையின் நீளவாட்டம் கிழக்கு மேற்காக அமையும்படி புதிதாகக் கட்டும்போது பார்த்துக்கொள்வது, பகலில் வேப்ப மரத்தடிக்கு மாற்றிக் கட்டுவது ஆகியவை எல்லாரும் சொல்பவை. இவற்றுள் எதற்கு எவ்வளவு பயன் என்பதை இந்த மண்ணில், இந்த வெயிலில், வீட்டுக்கு இரண்டு மாடு வைத்திருப்பவரின் கொட்டகையில் அளந்து பார்க்க வேண்டும். குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, செட்டிநாட்டில் அரசு கால்நடைப் பண்ணை இருக்கிறது, எங்கள் கல்லூரிகளில் ஆய்வுத் தலைப்புத் தேடும் மாணவர்களும் இருக்கிறார்கள்.

செலவு அதிகம் இல்லை. ஒரே அளவில் இரண்டு நிழல்கள் அருகருகே வேண்டும். ஒன்று வெறும் தகரம், மற்றொன்று கீற்று பரப்பிய தகரம். இடையில் அடைப்பு கூடாது, இரண்டிலும் தண்ணீர்த் தொட்டி ஒரே தூரத்தில் இருக்க வேண்டும், பழக்கத்தால் ஒரு பக்கம் சாய்வதைத் தவிர்க்க ஒரு வாரத்துக்குப் பின் கீற்றை இடம் மாற்ற வேண்டும். மாட்டை அவிழ்த்துவிட்டு, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எங்கே நிற்கிறது, படுத்திருக்கிறதா, அசை போடுகிறதா என்று குறிக்க வேண்டும். மாட்டின் விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணினால் மூச்சுக் கணக்கு கிடைக்கும். 60ஐத் தாண்டினால் வெப்பம் தாக்கிவிட்டது என்று கொள்ளலாம். கீற்றின் பக்கத்தையே மாடு தேர்ந்தெடுக்கிறது என்றால், அடுத்து அந்தப் பக்கம் போகும் வழியில் பாரம் ஏற்றிய ஒரு கதவை வைத்து அதன் விலையையும் கேட்டுவிடலாம். வரும் பங்குனிக்குள் தொடங்கினால் அக்கினி நட்சத்திரம் முடிவதற்குள் முதல் சுற்றுக் கணக்கு கைக்கு வந்துவிடும். காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடையில் கொட்டகையும் இரண்டு கறவையும் வைத்திருந்து, இதற்கு இடம் கொடுக்க மனமுள்ளவர்கள் எனக்கு எழுதுங்கள். கீற்றும் குறிப்பேடும் நான் கொண்டு வருகிறேன்.